மலையேறிய சைக்கிள் சக்கரம்

1897ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள் அதிகாலையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மான்டானா மாகாணத்திலுள்ள மிசூலாக் கோட்டையிலிருந்து இருபது சிப்பாய்கள் சைக்கிள்களில் ஏறிப் புறப்பட்டனர். அவர்கள் இருபத்தைந்தாவது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பர்கள். அவர்களுடன் தலைவராக லெப்டினண்ட் ஜேம்ஸ் மாஸ் என்னும் வெள்ளையரும், ஒரு இராணுவ வைத்தியரும், ஒரு பத்திரிகை நிருபரும் சென்றனர். அவர்கள் போய்ச் சேரவேண்டிய இடம் மிசௌரி மாகாணத்து செயின்ட் லூயி நகரம். தூரம் ஏறக்குறைய 1,900 மைல். இடையில் ராக்கி மலைத்தொடர். அதைக் கடந்தால் வயோமிங்கின் வறண்ட மேட்டு நிலம். அதற்கும் அப்பால் நெப்ராஸ்காவின் மணற்குன்றுகள். தார் போட்ட சாலை என்று ஒன்றை அந்நாட்டு மலைப்பகுதிகளில் எவரும் அப்பொழுது கண்டதில்லை.

மலைப்பாதைக்கு ஏற்ற சைக்கிள் என்பது நம் காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் பலர். அந்தப் பெயர் புதிது. அந்தத் தேவை பழையது. வழியில் உடையாத சக்கரம் எது, உடைந்தாலும் கையிலுள்ள கருவிகளைக் கொண்டே செப்பனிடத்தக்க சக்கரம் எது என்ற கேள்வியை மாஸும் அவருடைய சிப்பாய்களும் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். அவர்கள் கண்ட விடையை அறிவதற்கு, முதலில் சக்கரத்தின் சரித்திரத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

நம் ஊர்க் கட்டை வண்டியின் சக்கரத்தை நேயர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். நடுவில் குடம்; குடத்திலிருந்து புறப்படும் ஆரக்கால்கள்; அவற்றை வளைத்து நிற்கும் வட்டை; வட்டையின்மேல் இரும்புப் பட்டை. வண்டியின் பாரம் அச்சின் வழியாகக் குடத்திற்கு வந்து, அந்த நேரத்தில் எந்த ஆரக்கால் கீழே இருக்கிறதோ அதன்மீது தூணின்மேல் கூரை நிற்பதுபோல் நிற்கிறது. ஆகவே அது பருமனாக இருந்தே தீரவேண்டும். 1860களில் பாரிஸ் நகரில் மிஷோ என்பவரின் பட்டறையிலிருந்து வந்த மிதிவண்டிகளும் இவ்வகைச் சக்கரங்களையே பூண்டிருந்தன. கல் பரப்பிய தெருவில் அவை ஓடியபோது ஏறியவனின் எலும்பெல்லாம் குலுங்கியது. ஆங்கிலேயர் அவ்வண்டிக்கு எலும்பு குலுக்கி என்றே பெயரிட்டனர்.

மாறுதல் வந்த வழி வியப்பானது. கம்பியை நிற்கவைக்க முடியாது. தலையில் சிறிது பாரம் வைத்தாலும் அது வளைந்துவிடும். ஆனால் அதே கம்பியை இழுத்துக் கட்டினால் ஒரு மனிதனையே தொங்கவிடலாம். சர் ஜார்ஜ் கெய்லி என்னும் ஆங்கிலேயர் தாம் ஆராய்ந்துவந்த பறக்கும் பொறிக்கு இலேசான சக்கரம் தேடியபோது, 1808ஆம் ஆண்டிலேயே இந்த எண்ணத்தைக் குறித்து வைத்தார். பாரிஸில் யூஜீன் மெயர் 1869ஆம் ஆண்டில் கம்பிச் சக்கரம் பூட்டிய மிதிவண்டி செய்தார். அடுத்த ஆண்டில் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் 'ஏரியல்' என்னும் வண்டியைக் கொணர்ந்தனர். 1874இல் ஸ்டார்லி மற்றுமொரு படி ஏறினார். கம்பிகளை நடுவிலிருந்து நேராக வெளியே ஓடவிடாமல், ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும்படி சாய்த்துக் கோத்தார். மிதிக்கும் விசையால் நடுப்பகுதி முறுக்கிக்கொள்ள முயலும்போது, சாய்ந்த கம்பிகள் அம்முறுக்கை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. இன்று டில்லித் தெருவில் ஓடும் பால்காரரின் சைக்கிளிலும் ஸ்டார்லியின் அந்தப் பின்னல்தான் இருக்கிறது.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டோர் சைக்கிளின் கம்பியையும் 'ஆரக்கால்' என்றே எழுதிவிடுகிறோம். அகராதியும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் சைக்கிள் கடைக்காரர் 'போக்ஸ் கம்பி' என்கிறார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதே சரி. ஆரக்கால் என்பது காலாக நின்று பாரத்தைத் தாங்குவது; சைக்கிளில் இருப்பதோ காலன்று, இழுத்துக் கட்டிய கம்பி. சக்கரம் நெளிந்துவிட்டால் அதை நேராக்குவதற்குக் 'கோட்டம் எடுப்பது' என்று அதே கடைக்காரர் கூறுகிறார். கோட்டம் என்பது வளைவைக் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல். எத்தனையோ ஏட்டுச் சொற்கள் வழக்கொழிந்த பின்னும், இச்சொல் எண்ணெய்க் கறை படிந்த ஒரு பலகைக் கடையில் உயிரோடு இருப்பதைக் கண்டு நாம் மகிழ்ந்ததுண்டு.

கம்பிச் சக்கரத்துக்கு அடுத்தபடியாக வந்தது காற்று. ராபர்ட் தாம்ஸன் என்பவர் 1845இலேயே காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றிருந்தார். உலகம் அதை மறந்துவிட்டது. பெல்ஃபாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த டன்லப் என்பவர் தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டிக்காக அதை மீண்டும் கண்டுபிடித்து, 1888இல் உரிமை பெற்றார். பயணம் சுகமாயிற்று, ஆனால் ஒரு புதுத் தொல்லையும் உடன் பிறந்தது. முள் குத்தினால் காற்று போய்விடும்; டயரோ விளிம்போடு பசையால் ஒட்டப்பட்டிருக்கும்.

1889ஆம் ஆண்டில் பிரான்சின் கிளெர்மான்-ஃபெரான் நகரிலிருந்த மிஷலின் சகோதரர்களின் ரப்பர்த் தொழிற்சாலைக்கு ஒருவர் பஞ்சரான சைக்கிளோடு வந்தார். டயரை உரித்து ஒட்டவே மூன்று மணி நேரம் பிடித்தது. பசை உலர ஓர் இரவு சென்றது. மறுநாள் எட்வார்ட் மிஷலின் அவ்வண்டியில் ஏறிச் சிறிது தூரம் போவதற்குள் டயர் மறுபடியும் படுத்துவிட்டது. சுகமான டயர் மட்டும் போதாது, கழற்றி மாட்டக்கூடிய டயர் வேண்டும் என்று அவர் அப்பொழுது தெளிந்தார். 1891இல் அத்தகைய டயர் ஆயத்தமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை சென்று திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் சார்ல் தெரான் அந்த டயர்களோடு ஓட்டி, ஏறத்தாழ 71 மணி நேரத்தில் முதலாவதாக வந்தார். அவருக்கு வழியில் பஞ்சரே ஏற்படவில்லை என்பதன்று; ஏற்பட்டதைச் சீக்கிரம் சரிசெய்ய முடிந்தது என்பதே விசேஷம்.

இனி மிசூலாவுக்குத் திரும்புவோம்.

மாஸ் 1894இல் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் தேறியபோது தம் வகுப்பில் கடைசி மாணவர். குதிரைக்குப் பதில் சைக்கிளைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்னும் அவருடைய யோசனையைச் சேனாதிபதி நெல்சன் மைல்ஸ் ஏற்றார். சைக்கிள் தின்னாது, குடிக்காது, லாயமும் கேட்காது. 1896 ஆகஸ்டில் எட்டுச் சிப்பாய்களுடன் முதலில் ஒரு சிறு பயணமும், பிறகு யெல்லோஸ்டோன் வனத்திற்குப் போய்த் திரும்பும் 800 மைல் பயணமும் நடந்தன. வெந்நீர் ஊற்றுகள் படிய வைத்த வெண்பாறைப் படிகளில் அச்சிப்பாய்கள் சைக்கிள்களோடு நிற்கும் புகைப்படம் இன்றும் பல நூல்களில் காணப்படுகிறது.

அக்காலத்து அமெரிக்க சைக்கிள்களில் பெரும்பாலானவை மரத்தாலான விளிம்பு உடையவை. மரம் இலேசு, அதிர்ச்சியைத் தாங்கும், நகரத் தெருவுக்கும் பந்தய மைதானத்துக்கும் உகந்தது. ஆனால் மழையில் ஊறும்; வெயிலில் பிளக்கும்; பிளந்ததைக் காட்டில் ஒட்ட முடியாது. நெடும் பயணத்துக்கென ஸ்பால்டிங் கம்பெனி தந்த சைக்கிள்களில் எஃகு விளிம்பே பூட்டப்பட்டது. முன்கவையும் வழக்கத்தினும் கனமாகச் செய்யப்பட்டது. சங்கிலிக்கு உறை போடப்பட்டது. சைக்கிளின் எடை 32 ராத்தல். கூடாரத் துணி, கம்பளி, உணவு முதலியவற்றை ஏற்றியபின் ஏறத்தாழ 59 ராத்தல். எஃகு அடிபட்டால் பள்ளம் விழும். ஆனால் பள்ளத்தை ஒரு கல்லையும் சுத்தியலையும் கொண்டு தட்டி நிமிர்த்தலாம். மரமோ ஒரே நொடியில் இரண்டாகும். படையில் ஃபிண்ட்லி என்னும் சிப்பாய் சைக்கிள் பழுது பார்ப்பதில் தேர்ந்தவர். உதிரிப் பாகங்களும் கருவிகளும் உடன் சென்றன.

பயணத்தின் முதல் நாட்களில் மழை விடவில்லை. மான்டானாவின் களிமண் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே அப்பிக்கொண்டு உருளவிடாமல் தடுத்தது; நின்று நின்று வழித்தெறிந்தபின்தான் சில கெஜ தூரம் போக முடிந்தது. ராக்கி மலையின் நீர்பிரி மேட்டைப் பனியில் கடந்தனர். நெப்ராஸ்கா மணலில் சக்கரம் புதைந்தது; ஏறி ஓட்டுவதைக் காட்டிலும் தள்ளிக்கொண்டு நடந்த நேரமே அதிகம். மணலைத் தவிர்க்க ரயில் பாதையின் குறுக்குக் கட்டைகள்மீது குலுங்கிக் குலுங்கி ஓட்டினர். ஒவ்வொரு கட்டையும் சக்கரத்தின்மேல் ஓர் அடி. ஒரு மைலில் எத்தனை கட்டைகள் என்று நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். உவர் நீரைக் குடித்ததால் மாஸும் சிப்பாய்களும் நோயுற்றார்கள். இத்தனைக்கும் நடுவே 41 நாட்களில், அவற்றில் உண்மையாகப் பயணம் செய்த 34 நாட்களில், நாளொன்றுக்குச் சராசரி 56 மைல் வீதம் கடந்து, ஜூலை 24ஆம் நாள் செயின்ட் லூயியை அடைந்தார்கள். நகர மக்கள் திரண்டுவந்து வரவேற்றனர்.

இராணுவத் தலைமையிடம் அந்த உற்சாகம் பிறக்கவில்லை. மீண்டும் சைக்கிளிலேயே திரும்ப அனுமதி கிட்டவில்லை. படையினர் ரயிலில் அனுப்பப்பட்டனர். மறு ஆண்டில் ஸ்பெயினோடு யுத்தம் மூண்டது. இருபத்தைந்தாவது காலாட்படை கியூபாவுக்குச் சென்றது. சைக்கிள் படை மறக்கப்பட்டது. அப்பயணத்தில் சிப்பாய்களை நடத்திச் சென்ற சார்ஜண்ட் மிங்கோ ஸாண்டர்ஸ் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்தவர். 1906ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாகாணத்து பிரௌன்ஸ்வில் ஊரில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டின் பழி அப்படையின்மீது சுமத்தப்பட்டது. விசாரணையில் எவர் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 167 கறுப்புச் சிப்பாய்களைக் கௌரவமின்றி வேலைநீக்கம் செய்தார். ஸாண்டர்ஸும் அவர்களுள் ஒருவர். ஓய்வூதியம் பெறச் சொற்ப காலமே இருந்த நிலையில் அவர் வெளியேற்றப்பட்டார். 1972இல் அத்தீர்ப்பு தவறென்று இராணுவம் ஒப்புக்கொண்டு அவர்களது கௌரவத்தைத் திருப்பித் தந்தது. ஸாண்டர்ஸ் அதற்கு நெடுங்காலம் முன்பே, 1929இல், காலமாகிவிட்டார்.

மலைச் சைக்கிளின் கதை மீண்டும் தொடங்குவது கலிஃபோர்னியாவில். ஸான் ஃபிரான்ஸிஸ்கோவுக்கு வடக்கே 2,500 அடிக்குச் சற்று அதிக உயரமுள்ள ஒரு மலை; அதன் பெயர் டமல்பைஸ். பெயரில் நம் மொழியின் ஒலி கேட்கிறதே என்று மகிழ வேண்டா. அது அங்கு வாழ்ந்த மிவோக் என்னும் பழங்குடியினரின் சொல். 1970களில் அம்மலையைச் சூழ்ந்த பகுதியின் இளைஞர்கள் பழைய குப்பைக் கிடங்குகளிலிருந்து 1930, 1940களின் கனத்த சைக்கிள்களைத் தேடி எடுத்து, மண் பாதைகளில் உச்சியிலிருந்து கீழே ஓட்டி விளையாடினர். ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகில் ஏறத்தாழ இரண்டே மைலில் 1,300 அடி இறங்கும் ஒரு பாதையில் 1976இல் பந்தயம் தொடங்கிற்று. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பழைய பிரேக் அச்சரிவில் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டியிருந்ததால், அப்பாதைக்கே 'மறுஅடைப்பு' எனப் பொருள்படும் பெயர் நிலைத்துவிட்டது.

அவர்கள் அந்தக் கிழட்டு சைக்கிள்களைத் தேடியதற்குக் காரணம் சக்கரம். 1933இல் ஷ்வின் கம்பெனி, நடைமேடையில் ஏறி இறங்கிக் குதிக்கும் சிறுவர்களை எண்ணி, மோட்டார் காரின் பெரிய காற்று டயரைப் பின்பற்றி, 26 அங்குலச் சக்கரத்துக்கு இரண்டு அங்குலத்துக்கும் மேல் பருமனான டயரைக் கொண்டுவந்தது. மெல்லிய டயர் கல்லில் மோதினால் விளிம்பு நேரடியாக அடி வாங்கும். பருத்த டயரிலோ அடியைக் காற்று வாங்கிக்கொள்ளும். சக்கரத்தின் ஆயுளைக் காக்கும் முதற்காவல் கம்பியன்று, விளிம்பன்று, டயரின் பருமனே என்பதைச் சிறுவர்களுக்காகச் செய்த அவ்வண்டி மெய்ப்பித்தது. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இத்தகைய ஓட்டத்துக்கென்றே புதிய சட்டம் செய்தபோதும், சக்கரத்தின் அளவை மாற்றவில்லை. 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் என்னும் வண்டி பெருமளவில் விற்பனைக்கு வந்தபோது, விளிம்பு ஜப்பானிய அலுமினியமாக மாறியிருந்தது. எஃகைவிட எடை மிகக் குறைவு. மழையில் நனைந்தாலும் பிரேக் கட்டை வழுக்குவது குறைந்தது. அளவு மட்டும் அதே 26 அங்குலம். அந்த அளவு முப்பது ஆண்டுகள் உலகெங்கும் ஆண்டது. ஆப்பிரிக்காவிலோ ஆண்டிஸ் மலையிலோ ஒரு சிற்றூரிலும் அந்த டயர் கிடைக்கும் என்று நெடும் பயணிகள் நம்பிச் சென்றனர். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் 29 அங்குலமும் 27.5 அங்குலமும் புதிய மலைச் சைக்கிள்களில் இடம் பிடித்துக்கொண்டன. பெரிய சக்கரம் குழியில் விழாமல் எளிதாக உருளும், அதை மறுப்பதற்கில்லை.

அதே 1981இல் ஜாப்ஸ்ட் பிராண்ட் என்னும் பொறியியலாளர் சைக்கிள் சக்கரத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். ஓடும் சக்கரத்தில் தரையைத் தொடும் பகுதிக்கு நேரேயுள்ள சில கம்பிகளின் இழுப்பு மட்டும் குறைகிறது. பாரம் தாங்கப்படுவது அந்த இழுப்புக் குறைவினாலேயே என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். இதிலிருந்து ஒரு பயனுள்ள உண்மை கிடைக்கிறது. கம்பி தளர்வாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அது முற்றும் தொய்ந்து, மறுபடி இழுபடும். கம்பியை மடக்கி நிமிர்த்தி மடக்கி நிமிர்த்தி ஒடிப்பதுபோலவே, பல லட்சம் சுற்றுகளில் அதன் கழுத்து ஒடிகிறது. கம்பி ஒடிவது பெரும்பாலும் பாரத்தாலன்று, தளர்ச்சியால். நல்ல கடைக்காரர் கோட்டம் எடுத்து முடித்தபின் கம்பிகளை விரலால் மீட்டி ஒலி ஒத்திருக்கிறதா என்று கேட்பார். அவர் பிராண்டைப் படித்தவரல்லர். வீணைக்காரருக்கும் அவருக்கும் காது ஒன்றுதான்.

ஆக, மலைப்பாதைக்குச் சக்கரம் தேடுவோர் பார்க்கவேண்டியவை சில உண்டு. கம்பிகளின் எண்ணிக்கை 36 இருப்பது நலம். ஒன்று ஒடிந்தால் அண்டைக் கம்பிகளைச் சிறிது தளர்த்தியும் இறுக்கியும் வீடு சேரலாம். இருபது கம்பிச் சக்கரத்தில் ஒன்று ஒடிந்தால் விளிம்பு நெளிந்து சட்டத்தில் உரசி நின்றுவிடும். கம்பிகள் சாய்ந்து மூன்று முறை குறுக்கிடும் பழைய பின்னல் போதும். நடுவில் மெலிந்து முனைகளில் பருத்த கம்பி, ஒரே பருமனுள்ளதைக் காட்டிலும் நீண்ட நாள் உழைக்கும். நீளும் தன்மை அதற்கு அதிகம். கம்பியை விளிம்பில் பிடிக்கும் திருகுத் தொப்பி பித்தளையாக இருக்கட்டும். அலுமினியம் இலேசு, ஆனால் அரித்துப் பிடித்துக்கொள்ளும். ஹப்பில் குண்டுகளைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைக்கக்கூடிய பழைய அமைப்பை எந்தப் பஜாரிலும் சீர்செய்யலாம். கூட்டாக அடைத்த பேரிங்கு கெட்டால் அதே அளவுள்ள மற்றொன்று வந்துசேரும் வரையில் காத்திருக்க வேண்டும். விளிம்பின் வால்வுத் துளை அகலமாயிருந்தால் மெல்லிய வால்வையும் வளையமிட்டு அதில் பொருத்தலாம். துளை குறுகியிருந்தால் அகலமான வால்வு நுழையாது. கரிநாரால் செய்த விளிம்பு அழகும் வலிமையும் உடையதே. ஆனால் அது பிளந்தால், மாஸின் காலத்து மர விளிம்பின் கதிதான்.

ஒடியும் கம்பி பெரும்பாலும் பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில் இருப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். அங்கே ஃப்ரீவீலின் பற்சக்கரங்கள் இடம் பிடித்துக்கொள்வதால் அப்பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நின்று அதிக இழுப்பைச் சுமக்கின்றன. கம்பியை மாற்ற ஃப்ரீவீலையே கழற்றவேண்டும். அதைக் கழற்றும் கருவி சிறியது, ஆனால் அது இல்லாவிட்டால் வேறெதுவும் உதவாது. ஆங்கிலேயர் இதை எண்ணியே முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என்று கம்பிகளைப் பங்கிட்டனர். மொத்தம் 72. பிற நாட்டார் இரண்டுக்கும் 36 வீதம் வைத்ததிலும் மொத்தம் 72தான். பாரம் பின்னால் அதிகம் என்பதை உணர்ந்து பங்கிட்டதே ஆங்கிலேயரின் யுக்தி.

அந்த 32க்கு 40 கணக்கு நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. 28 அங்குலக் கறுப்பு சைக்கிளை 1949இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்சாலையும், சோனிப்பட், லூதியானா ஆலைகளும் லட்சக்கணக்கில் செய்து தந்தன. பால் குடங்களும் நெல் மூட்டைகளும் ஏறிய பின்சக்கரம் அது. இன்று லூதியானாவிலோ டேராடூனிலோ குடியிருக்கும் நம்மவரின் மகன் புதிய மலைச் சைக்கிள் வேண்டுமென்று கேட்டால், வண்டியின் வர்ணத்தைப் பார்க்குமுன் பின்சக்கரத்தின் கம்பிகளை எண்ணிப் பார்க்கலாம். அதற்கேற்ற டயரும் டியூபும் கம்பியும் தெருமுனைக் கடையில் உண்டா என்று வாங்குமுன்பே ஒருமுறை கேட்டு வரலாம். கடைக்காரர் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.